ரப்பர்த் தேனும் விலக்கிய சொல்லும்

நூலகப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களே,

நான் தேடிக் கொடுத்தவற்றைப் பற்றி என் பழைய அலுவலகத்தார் உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடும். தேடிக் கொடுக்கத் தவறியவற்றை அவர்கள் அறியார். அவை எனக்கு மட்டுமே தெரியுமாதலால் அவற்றை எழுதும் கடமையும் என்னையே சேர்ந்தது. எழுத உட்கார்ந்தபோது நாணம் வரும் என்று எதிர்பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. ஓய்வு பெற்றவனுக்குக் கிடைக்கும் சலுகைகளுள் இதுவும் ஒன்று போலும்.

தரவுத்தளத்திலும் இணையத்திலும் தேடும் முறையை இங்கே நான் கற்பிக்கப் போவதில்லை. எந்தக் குறியை எங்கே இடுவது, அடைப்புக்குறியை எங்கே மூடுவது என்பனவற்றை நீங்கள் ஒரு முற்பகலில் கற்றுவிடுவீர்கள். அந்தத் தருக்கத்தில் இருப்பவை மூன்றே செயல்கள். இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் சேர்ந்திருக்கும் கட்டுரைகளைக் கொடு என்பது இணைப்பு. இதுவோ அதுவோ ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்பது மாற்று. இந்தச் சொல் இருப்பவை எவையும் வேண்டா என்பது விலக்கு. இணைப்புப் பட்டியலைச் சுருக்கும்; மாற்று விரிக்கும்; விலக்கு வெட்டும். வெட்டுவதில் ஓர் இன்பம் உண்டு. எங்கள் பக்கத்தில் புது வெட்டுகத்தி வாங்கியவன் வேலிச் செடியோடு நிறுத்த மாட்டான். குலை தள்ளிய வாழையின் பக்கமும் போவான். நானும் ஒரு நாள் வாழையின் பக்கம் போனேன்.

அதைச் சொல்லுமுன் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். எனக்கு முதல் மேலாளராக வாய்த்த நூலகர் மிகக் குறைவாகப் பேசுபவர். ஓர் ஆய்வாளருக்கு நான் எழுதிய குறிப்பில், “இப்பொருளில் நூல் இல்லை” என்றிருந்ததை அவர் சிவப்பு மையால் அடித்து, “நான் தேடிய இடங்களில் கிடைக்கவில்லை” என்று மாற்றினார். நடை அழகுக்காகத் திருத்துகிறார் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு வாக்கியங்களுக்கும் பொருள் வேறு என்பது எனக்கு விளங்கியபோது அவர் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகியிருந்தது. என்னை விளங்கவைத்தவர் நூலகத் துறையைச் சேர்ந்தவரே அல்லர். அவர் தேனீ வளர்ப்பவர்.

குழித்துறைக்கு அருகே ஒரு கல்லூரி நூலகத்தில் நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் நடந்தது இது. மாசி மாதத்து முற்பகல் ஒன்றில், மேற்கே மலையடிவாரத்திலிருந்து தங்கபுஷ்பம் என்னும் பெண்மணி வந்தார். வயது ஐம்பதைக் கடந்திருக்கும். ரப்பர்த் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு அவர் தலைவி. கையிலிருந்த ஞெகிழிப் பைக்குள் வேதாகமமும், அதற்குள் மடித்து வைத்த கடிதமும் இருந்தன.

சங்கத்தின் தேனை ஆண்டுதோறும் வாங்கும் பெருநகரத்து நிறுவனம் ஒன்று எழுதிய கடிதம் அது. அனுப்பிய மாதிரியில் மகரந்தத் துகள்கள் மிகக் குறைவாக இருப்பதாகவும், பூக்களிலிருந்து வந்த தேனில் இவ்வாறு இருக்க இயலாது என்றும், கலப்படம் என்று ஐயுறுவதாகவும் அதில் எழுதியிருந்தது. அறிவியல் முறையில் விளக்கம் இருப்பின் பத்து நாளுக்குள் அனுப்பலாம். இல்லையேல் சங்கத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்தப் பருவத்தில் அதுவரை எடுத்த தேன் முழுவதும் டின்களில் அடைத்து, சங்கக் கட்டடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. கடிதம் வந்த செய்தியோ டின்களுக்கு முன்பே ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒருத்தி மிகுந்த அக்கறையோடு, “சீனிக்கு வெல கூடிப்போச்சாமே அக்கா, ஒங்களுக்கு எப்பிடி கட்டுபடியாவுது?” என்று கேட்டாளாம். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லையாம். சிரித்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்றார் தங்கபுஷ்பம்.

“எனக்க பேரு போட்டும் சாரே. நாப்பது பொம்பளைகளுக்க பேரும் சேந்துல்லா போவுது. ஒங்க கம்ப்யூட்டருல இதுக்கொரு பதிலு கெடக்கா, இல்லியா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நான் நாஞ்சில் நாட்டு நெல்வயல் ஊரொன்றில் பிறந்தவன். தமிழ் இலக்கியம் பயின்ற பிறகு நூலகத் துறைக்கு வந்தவன். ரப்பர் மரத்தைப் பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். தேனைப் புட்டியில் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. தெரியாது என்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்து நாள் என்ற சொல் காதில் விழுந்தவுடன் எனக்குள் ஓர் உற்சாகம் பிறந்துவிட்டது. நாளைக்கு வாருங்கள் என்றேன்.

அன்று மாலைக்குள் தேனையும் ரப்பரையும் இணைத்துத் தேடினேன். வந்தவை ரப்பர்க் கையுறைகள். புண்ணுக்குத் தேன் தடவும் மருத்துவர்கள் கையுறை அணிந்துகொண்டார்களாம். அதனால் இரு சொல்லும் ஒரே கட்டுரையில் அமர்ந்திருந்தன. கையுறையை விலக்கினேன். குழாய்கள் வந்தன. குழாயை விலக்கினேன். தேன் நிறத்தில் ஏதோ பிசின் வந்தது, அதையும் விலக்கினேன். ஒவ்வொரு விலக்குக்கும் பட்டியல் பணிவோடு குறுகியது. களையெடுத்த வயல்போல் திரை துலங்கியது. அந்த மாலையில் என்னை யாரேனும் படம் எடுத்திருந்தால், முகத்தில் ஒரு சிற்றரசனின் களை தெரிந்திருக்கும்.

மறுநாள் தங்கபுஷ்பம் வந்து, நான் கேளாமலேயே ஒரு செய்தியைச் சொன்னார். தேனீ ரப்பர்ப் பூவை நாடிப் போவதில்லை. தளிர் விரிந்து வரும் பருவத்தில் இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகள் பிரியும் இடத்தில், இனிப்புநீர் ஊறும். தேனீ அதைத்தான் குடிக்கும். “பூவுக்கே போவல்லன்னா பூம்பொடி எங்கேருந்து சாரே வரும்?” என்று கேட்டுவிட்டு, இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே என்பதுபோல் என்னைப் பார்த்தார். முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும். ஆயினும் மகிழ்ந்தேன். பூவுக்கு வெளியே ஊறும் தேனுக்கும், ரப்பர் மரத்துக்கும் அறிவியலில் வழங்கும் பெயர்களைத் தேடிப் பிடித்து, மாற்றுச் சொற்களாக அடுக்கி, மகரந்தத்தோடு இணைத்தேன். அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார்.

பட்டியல் திரையில் விரிந்ததும் அவர் விரல் ஓரிடத்தில் போய் நின்றது. அவர் உயர்நிலைப்பள்ளி வரை படித்தவர். ஆங்கிலக் கட்டுரைத் தலைப்புகளைச் சரளமாக வாசிக்க இயலாது. ஆனால் கலப்படத்துக்கான ஆங்கிலச் சொல் ஒன்று நிறுவனத்தின் கடிதத்தில் இருந்ததல்லவா? அதன் எழுத்துருவை முள் தைத்த இடம்போல் நினைவில் வைத்திருந்தார்.

“இது அந்த வாக்குல்லா?”

ஆம் என்றேன். அதற்குக் கீழும் அதே சொல், அடுத்ததிலும் அதே சொல். அவர் முகம் இருண்டது. தம் தேனைப் பற்றிக் கேட்டால் இந்தப் பெட்டியும் அந்தச் சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்கிறதே என்று மெல்லிய குரலில் சொன்னார்.

இங்கேதான் நான் வெட்டுகத்தியை எடுத்தேன். எடுத்ததற்குக் காரணம் மரியாதை. பழந்தமிழ் பயின்றவனுக்கு மங்கல வழக்கு என்பது குருதியில் கலந்தது. விளக்கை அணை என்னாமல் குளிரவை என்போம். கடையை மூடு என்னாமல் எடுத்துவை என்போம். நாவால் சொல்லத்தகாததைச் சுற்றிப் போவது எங்களுக்குப் பண்பு. ஒரு நேர்மையான பெண்மணி வருந்தி அமர்ந்திருக்கும்போது அவர் கண்ணெதிரே அந்தச் சொல் நிற்பதை என் பண்பு பொறுக்கவில்லை. விலக்குக் குறியை இட்டு, அதன் பக்கத்தில் கலப்படம் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, விசையை அழுத்தினேன். அந்தச் சொல் இருந்த கட்டுரைகள் அனைத்தும் மறைந்தன. தங்கபுஷ்பம் நிமிர்ந்து அமர்ந்தார். “இப்பம் கொள்ளாம்,” என்று மெச்சினார். எனக்கும் நிறைவாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் அந்த விலக்கை ஒருமுறையும் நான் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதைவிட, அது அங்கே இருப்பதையே மறந்துபோனேன். மூன்று தரவுத்தளங்களிலும் இணையத்திலும், அதே கேள்வியைப் படியெடுத்துப் படியெடுத்துப் போட்டேன். மரத்தின் உடற்கூறு பற்றிக் கட்டுரைகள் கிடைத்தன. அந்த இனிப்புநீரை நாடி வரும் எறும்புகள் பற்றியும் கிடைத்தன. ரப்பர்த் தேனில் மகரந்தம் குறைவாக இருப்பது இயல்பு என்று ஒரு வரி கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை, நூலகத்தின் தாளில், நூலகத்தின் முத்திரையோடு நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: “இப்பொருள் குறித்து ஆய்வுகள் எவையும் இல்லை.” சிவப்பு மை நூலகரை நான் நினைக்கவே இல்லை. தங்கபுஷ்பம் அதை இரண்டு கையாலும் வாங்கி, வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

எட்டாம் நாள் காலையில் அவர் மறுபடியும் வந்தார். தாள் அவரிடமே இருந்தது. நிறுவனத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் எங்கள் பக்கத்தில் பதில் கிடையாது என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகுமே என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வியை, என் பணிக்காலம் முழுவதும் ஒரு பேராசிரியர்கூட என்னிடம் கேட்டதில்லை.

“பெட்டி என்ன சொல்லிச்சுன்னு நீங்க சொன்னியோ. நீங்க பெட்டிகிட்ட என்ன கேட்டியோன்னு சொல்லவே இல்லியே?”

எனக்குச் சிறிது சினம்கூட வந்தது. இருந்தும், கேட்டவர் விடை பெற உரிமையுள்ளவர். இணைப்பு, மாற்று, விலக்கு என்று விளக்கத் தொடங்கினேன். தேவையற்ற விளக்கம் என்பது அரை நிமிடத்தில் தெரிந்தது. அவர் தம் சபையின் திருமணத் தகவல் பதிவேட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களைக் கட்டி வைத்து, யாருக்கு யார் பொருந்துவார் என்று ஞாயிறுதோறும் எடுத்துக் கொடுப்பவர். நர்சிங் படித்திருக்கவும் வேண்டும், வெளிநாடு போகவும் வேண்டும், மாமியாரைப் பார்க்கவும் வேண்டும் என்று இணைத்துக்கொண்டே போனால் ஒரு படிவமும் கையில் நிற்காது என்பதை அவர் அறிவார். ஆசிரியரோ வங்கிப் பணியோ எதுவாயினும் சரி என்பவர்களுக்கு உடனே மணம் முடிவதையும் அறிவார். நான் மூன்றாவதாக விலக்கைச் சொன்னபோது, “குடிகாரன் வேண்டாம்ங்குத மாதிரி,” என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

“அதேதான். அதுபோல, உங்கள் தேனைப் பற்றிய இடத்தில் அந்தக் கெட்ட சொல் வரும் கட்டுரைகள் எவையும் வேண்டா என்று விலக்கிவிட்டேன்,” என்றேன், சற்றே பெருமையோடு.

அவர் திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சாரே, எனக்கொரு சந்தேகம். ஃபாரத்துல ‘குடி’ன்னு எழுதிருக்கத எல்லாம் தூக்கி மாத்தி வைன்னு நான் ஒருத்திகிட்ட சொன்னா, அவ எதைத் தூக்குவா?”

“குடிகாரர்களின் படிவத்தை.”

“குடிகாரன் எந்தக் காலத்துல சாரே அந்த வாக்க எழுதிருக்கான்? அவன் அந்த எடத்துல ஒரு கோட்டப் போட்டுட்டுப் போயிருவான். ‘குடிப்பழக்கம் இல்லை’ன்னு எழுதுகது குடிக்காதவன்தான். அவ அத்தன நல்ல பயலுவளையும் தூக்கிட்டு, குடிகாரன்மார மட்டும் எனக்க கையில தந்துட்டுப் போவா.”

அவர் விடவில்லை.

“அப்பம், ரப்பர்த் தேனுல கலப்படம் இல்லன்னு ஒரு புண்ணியவான் எழுதிருந்தா, அவனும் அந்த வாக்க எழுதித்தானே இருப்பான்? அவனைல்லா நீங்க வெளிய நிறுத்திருக்கியோ.”

நண்பர்களே, எனக்கு அப்போது தோன்றியதை உள்ளபடி சொல்கிறேன். முதலில் ஒரு வெப்பம் கழுத்திலிருந்து ஏறியது. அடுத்த கணம், அடக்க முடியாத ஒரு மகிழ்ச்சி. விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. நானே கதவைச் சாத்தி நிற்க வைத்த இடத்தில் அது ஆறு நாளாக நின்றுகொண்டிருந்தது. விலக்குக் குறியை நீக்கினேன். நீக்கியதோடு நில்லாமல், அந்தச் சொல்லையே இணைப்பாக்கினேன். அது இருப்பவை மட்டும் வருக என்றேன்.

வந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. அவற்றுள் இரண்டு போதுமானவையாக இருந்தன. இலைக்காம்பில் ஊறும் நீரிலிருந்து வரும் தேனில் மகரந்தம் இயல்பாகவே குறையும். ஆகவே மகரந்தத்தின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அதைக் கலப்படம் என்று முடிவு செய்தல் தவறு. வேறு சோதனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் ஆங்கிலத்தில் ஒரு வரியைப் படிப்பதும், தமிழில் சொல்வதும், அவர் “அதைத்தானே நான் சொன்னேன்” என்பதுமாகச் சிறிது நேரம் போயிற்று. நான் உரக்கச் சிரித்திருக்க வேண்டும். படிப்பறையில் இரண்டு மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டி, “சத்தம் போடப்பிடாது சாரே, எழுதிப் போட்டிருக்கு,” என்றார்.

கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. அன்றே கட்டுரைகளின் முழுப் படிகளையும் வரவழைத்து, உரிய பத்திகளில் கோடிட்டு, அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதினேன். தேனீ எங்கே குடிக்கிறது என்ற பத்தி முழுவதும் அவருடையது. நான் அதற்குப் புள்ளிகளும் காற்புள்ளிகளும் மட்டுமே வழங்கினேன். மற்றச் சோதனைகள் எவற்றையும் செய்து பார்க்கச் சங்கம் ஆயத்தமாக இருக்கிறது என்று முடித்தோம். உறையை ஒட்டியபின், நான் முன்பு எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பித் தருமாறு கேட்டேன். கிழித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். அவர் தரவில்லை.

“இது எனக்ககிட்ட இருக்கட்டு. எங்க சாருக்குத் தெரியாததே இல்லன்னு உம்ம பிள்ளைகள் யாராவது பெருமை பேசினா, எடுத்துக் காட்டணும்லா,” என்றார். உம்ம என்று அவர் என்னைச் சொன்னது அதுவே முதல் முறை. மதிப்பு குறைந்ததா, நெருக்கம் கூடியதா என்று நான் ஆராயவில்லை.

இதற்குப் பிறகு நான் மேற்கொண்ட ஒரு வழக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்தச் சொல்லையேனும் விலக்க வேண்டும் என்று கை துடித்தால், விலக்குமுன் அந்தச் சொல்லோடு இணைத்து ஒருமுறை தேடிப் பாருங்கள். எறியப்போகும் குப்பையைக் கையால் ஒருமுறை கிளறுவது போன்றது இது. பெரும்பாலும் குப்பையாகவே இருக்கும்; கையுறையை விலக்கியதற்காக நான் இன்றும் வருந்தவில்லை. ஆனால் உங்கள் கேள்வி ஐயத்தைப் பற்றியதானால், பழியைப் பற்றியதானால், மறுப்பைப் பற்றியதானால், அந்தப் பழியின் பெயரை ஒருபோதும் விலக்காதீர்கள். மறுப்பவனும் அதைச் சொல்லியே மறுக்க வேண்டியிருக்கிறது. எந்திரம் சொல் இருக்கிறதா என்று பார்க்கும்; அது உடன்பட்டுச் சொல்லப்பட்டதா, மறுத்துச் சொல்லப்பட்டதா என்று பாராது. இப்போது கேள்வியை வாக்கியமாகவே கேட்டால் வாக்கியமாகவே விடை சொல்லும் கருவிகள் உங்கள் கைக்கு வந்துவிட்டன. அவை அழகாகப் பேசுகின்றன. நன்று. அவற்றிடமும் எதைக் கேட்டோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதை வேண்டா என்றோம் என்பதை அதற்கு மேலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் திரும்பி வந்து, என்ன கேட்டீர்கள் என்று வினவினால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும்.

இன்னொன்று. முதல் நாள் நான் தங்கபுஷ்பத்தை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியது, விலக்கைவிடப் பெரிய பிழையோ என்று இப்போது தோன்றுகிறது. தேடும் பொருளை அறிந்தவர் எதிரே அமர்ந்திருக்கையில் நான் எந்திரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் அதை விரித்தெழுத எனக்கு விருப்பமில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கு மறுமொழி இரண்டு வாரம் வரவில்லை. அந்த நாள்களில் தங்கபுஷ்பம் ஒருமுறைதான் தொலைபேசியில் அழைத்தார். டின்கள் அப்படியே இருக்கின்றன என்றும், தாம் ஆராதனைக்குத் தேவாலயத்தின் பின்வாசல் வழியாகப் போய் வருவதாகவும் சொன்னார். பிறகு நிறுவனத்திலிருந்து ஒருவர் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. நானும் வர வேண்டும் என்றார். அந்த ஆள் ஆங்கிலத்தில் ஏதேனும் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

வந்தவர் இளைஞர், கண்ணாடி அணிந்தவர், கொங்குப் பக்கத்துத் தமிழர். ஐயத்தை முதலில் எழுப்பிய சோதனைச்சாலைக்காரர் அவரே என்று தெரிந்ததும், கூடியிருந்த நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். போருக்கு முன் கவசம் அணிவது போல இருந்தது. நாங்கள் அனுப்பிய கட்டுரைகளைத் தாம் படித்ததாகவும், அவற்றில் சொல்லியிருந்த மற்றச் சோதனைகளைச் செய்ததாகவும், அவற்றில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்றும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மேலதிகாரி மட்டும் இன்னும் ஏற்கவில்லையாம். இலையில் தேன் ஊறுமா என்று சிரித்தாராம். நேரில் பார்த்து வந்து சொல் என்று அனுப்பியிருக்கிறார்.

தங்கபுஷ்பம் அவரைத் தோட்டத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார். தளிர் செம்பு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறிக்கொண்டிருந்த பருவம். ஒரு தாழ்ந்த கிளையை வளைத்து, மூன்று இலைகள் பிரியும் இடத்தைக் காட்டினார். ஊசிமுனை அளவில் ஒரு துளி மின்னியது. பக்கத்து இலையில் தேனீ ஒன்று தலையைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தது. இளைஞர் பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்தார்.

“குப்பி பெறவு தம்பி. நாக்கு மொதல்ல.”

இளைஞர் என்னைப் பார்த்தார். அலுவல் முறையில் இதற்கு இடமுண்டா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் பத்து நாள் இந்தத் துளியைப் பற்றிப் படித்தும் எழுதியும் வந்தவன், ஒருமுறையும் சுவைத்தவனல்லன். ஆகவே என் பக்கத்திலிருந்த இலையைப் பறித்து நானே முதலில் நாவை வைத்தேன். அவரும் வைத்தார். பிறகு அவர் எட்டி அடுத்த கிளையைப் பிடித்தார்.

அங்கிருந்தே மேலதிகாரியைக் கைபேசியில் அழைத்தார். மலையடிவாரத்தில் அலைவரிசை மரத்துக்கு மரம் மாறும். அவர் ஒரு கையில் இலையும் மறு கையில் கைபேசியுமாக மரங்களுக்கிடையே நடந்துகொண்டே கத்த வேண்டியிருந்தது. தோட்டம் முழுவதும் கேட்டது.

“பூவுல இல்லைங்க சார். இலைங்க. ஆமாங்க, இலைக்காம்பு… இல்லைங்க சார், யாரும் சொல்லித் தரலைங்க, நானே நக்கிப் பார்த்தேனுங்க… ஆமாங்க சார், நக்கித்தானுங்க… ரெண்டு தடவைங்க சார்.”

நாற்பது பெண்களும் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு ஒன்றாக வெடித்தது. மூன்று வாரமாக ஊரில் ஒருவர் முகத்தையும் நேரே பாராதவர்கள் அவர்கள். ஒருத்தி மரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்; இன்னொருத்தி, “எட்டி, பெட்டிக்குப் பக்கத்துல நிண்ணு சிரிக்காத, கொட்டும்,” என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தாள். தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்காமல், மரங்களுக்கிடையே போய்க்கொண்டிருந்த அந்த வெள்ளைச் சட்டையையே பார்த்தபடி நின்றார்.

இளைஞர் திரும்பி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வண்டி நாளைக் காலையில் வரும் என்றும், புட்டியில் ஒட்டும் சீட்டில் ரப்பர்த் தேன் என்றே அச்சிட்டு விற்கலாம் என்று மேலிடம் ஒப்புக்கொண்டுவிட்டது என்றும் சொன்னார்.

தங்கபுஷ்பம் தலையை அசைத்தார். அன்று சனிக்கிழமை. பக்கத்தில் நின்றவளிடம், டின்களைத் துடைத்து வைக்கும்படி சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு ஆராதன ஒம்பது மணிக்கு சாரே. வண்டிய முன்வாசல் வழியா போவச் சொல்லணும்.”